மூன்று கால், பத்து காது: கப்பல்காரர் கயிற்றுக் காப்பு பின்னிய அனுபவம்

எங்கள் மாமா கப்பல் வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்து சேர்ந்தபோது அவருடைய இடது மணிக்கட்டில் ஒரு கயிற்றுக் காப்பு இருந்தது. வெள்ளைப் பருத்திக் கயிறுதான், ஆனால் பல வருஷம் வெயிலும் உப்புத் தண்ணீரும் பட்டு நீர்மோர் நிறத்துக்கு வந்திருந்தது. தர்மபுரிப் பக்கம் எங்கள் ஊர் பாலக்கோட்டில் கையில் கயிறு கட்டாதவர்களை எண்ணிவிடலாம், அதனால் பக்கத்து வீட்டு அம்மா பார்த்ததும் “எந்தக் கோயில் கயிறுங்க, தீர்த்தமலையா?” என்று கேட்டார். மாமா, “இல்லைங்க, கப்பல்ல போட்டது” என்றார்.

நான் தையல் கடை வைத்திருப்பவள். எந்தத் துணி கைக்கு வந்தாலும் தையல் எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே முடிகிறது என்று விரல் தானாகத் தேடிப் போகும். மாமாவின் காப்பில் விரலை ஓட்டிப் பார்த்தேன், ஒரு முழுச் சுற்று வந்தும் முனை கிடைக்கவில்லை. மூன்று மூன்று கயிறாகச் சேர்ந்து சடை மாதிரி ஓடிக்கொண்டே இருந்தது. “கழட்டிக் குடுங்க மாமா, பார்த்துட்டுத் தர்றேன்” என்றேன். “இது கழலாது கண்ணு, கைமேலயே சுருங்கினது. அறுத்தாத்தான் வரும்” என்றார். அன்றைக்குப் பிடித்த ஆசைதான். இரண்டு வருஷத்தில் நூற்றுக்கும் மேல் பின்னிவிட்டேன். ஆரம்பத்தில் எனக்கு யாராவது சொல்லியிருக்கலாமே என்று நினைத்த விஷயங்களையெல்லாம் இங்கே எழுதி வைக்கிறேன்.

மாமா போசனாக இருந்தவர், அதாவது கப்பல் டெக்கில் வேலை செய்கிறவர்களுக்கு மேஸ்திரி. இந்தக் காப்பு அவர் கண்டுபிடித்ததல்ல, பாய்மரக் கப்பல் காலத்திலிருந்தே மாலுமிகள் போட்டுவருவது. நீண்ட பயணத்தில் வேலையில்லாத நேரத்தில் மிச்சக் கயிற்றை வைத்துக்கொண்டு எதையாவது பின்னிக்கொண்டிருப்பார்கள். ஆங்கிலத்தில் இந்த முடிச்சுக்கு டர்க்ஸ் ஹெட் என்று பெயர், துருக்கியர் தலைப்பாகை மாதிரி இருக்கிறதாம். நான் முண்டாசு முடிச்சு என்றே சொல்லிக்கொள்கிறேன். கப்பலில் இதற்கு வெறும் அலங்கார வேலை மட்டும் இல்லை. பழைய சுக்கான் சக்கரத்தில், சுக்கான் நேராக இருக்கும்போது உச்சியில் வந்து நிற்கிற கைப்பிடி ஒன்று உண்டு, அதில் மட்டும் இந்த முடிச்சைப் போட்டு வைப்பார்கள். ராத்திரி இருட்டில் கையால் தடவினாலே சுக்கான் நடுவில் நிற்கிறதா என்று தெரிந்துவிடும். கைப்பிடிக் கம்பிகளில் கை வழுக்காமல் இருக்கவும் சுற்றுவார்கள். பள்ளியில் சாரணர் படையில் இருந்தவர்கள் கழுத்துத் துணியைக் கோத்து வைக்க ஒரு வளையம் போட்டிருப்பீர்களே, அதிலும் இந்த முடிச்சில் செய்த வகை ஒன்று உண்டு. அமெரிக்காவின் வடகிழக்குக் கடலோர ஊர்களில் பிள்ளைகள் கோடை ஆரம்பத்தில் கையில் போட்டு, கோடை முழுக்கக் கழற்றாமல் வைத்திருப்பார்கள்.

சரி, கயிறுக்கு வருவோம். முதலில் நான் வாங்கியதெல்லாம் தப்பான கயிறு. கொடிக்கயிறு நைலான், வழுக்கும். பாவாடை நாடா தட்டை, மடிந்துகொள்ளும். பம்பரச் சாட்டைக் கயிறு நன்றாக வந்தது, ஆனால் மெலிசு. காரிமங்கலம் செவ்வாய்க்கிழமைச் சந்தையில் மாட்டுக் கயிறு விற்கிறவர்களிடம் பருத்தியில் முறுக்கிய கயிறு கிடைக்கும், மாட்டுக்கு அருமையான கயிறு, நம் கைக்குச் சொரசொரப்பு. அதோடு முறுக்குக் கயிற்றைத் திரும்பத் திரும்ப நுழைத்து எடுக்கும்போது முறுக்கு ஓரிடத்தில் அவிழும், இன்னோரிடத்தில் ஏறும். கடைசியில் எனக்குச் சரிப்பட்டது 3 மில்லிமீட்டர் பருத்திப் பின்னல் கயிறு. மேக்ரமே கயிறு என்று கேட்டால் கிடைக்கிறது, ஆனால் அதிலேயே சும்மா நூலைச் சேர்த்து லேசாகத் திரித்த வகை ஒன்று வரும், அது வேண்டாம், பாதி வேலையிலேயே பஞ்சாகிவிடும். வாங்கியதும் ஒரு விரல் நீளம் அறுத்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசனை வந்து மிருதுவான சாம்பல் விழும். நுனியில் உருகிக் கட்டியாக உருண்டால் பாலியெஸ்டர் கலந்திருக்கிறது. வெளியே பருத்தியைப் பின்னி உள்ளே பாலியெஸ்டர் வைத்த கயிறும் உண்டு, ஆக நடுவையும் பிரித்துக் கொளுத்திப் பார்க்க வேண்டும். ஒரு பெரிய உருண்டை கயிறு அப்படி வாங்கி, 6 காப்பு பின்னி, வெந்நீரில் போட்டு, ஒன்றுகூடச் சுருங்காமல் எல்லாம் தொளதொளவென்று நின்றபோதுதான் எனக்கு இது தெரிந்தது.

மாமா கையிலேயே பின்னுவார். நாலு விரலையும் சேர்த்து வைத்துக்கொண்டு, கயிற்றைச் சுற்றி, முன்பக்கம் ஒரு குறுக்கு, பின்பக்கம் ஒரு குறுக்கு, ஓடுகிற முனையை மேலே ஒன்று கீழே ஒன்று என்று சடை பின்னுகிற மாதிரியே விட்டு, கண்மூடித் திறப்பதற்குள் முதல் சுற்று முடிந்துவிடும். எனக்கு அது வரவே இல்லை. ஒரு மாதம் முயற்சி செய்தேன், ஒவ்வொரு தடவையும் எங்கோ ஓரிடத்தில் குழம்பும். பார்த்துக்கொண்டே இருந்த மாமா ஒருநாள், “ஒனக்கு உருளை வேணும் கண்ணு, ஊசி குத்திப் பழகின கை ஒன்னோடது” என்றார்.

உருளை என் கடையிலேயே இருந்தது. பிளவுஸ் துணி சுற்றி வருகிற கெட்டியான அட்டைக் குழாய்தான். அதன்மேல் பழைய செய்தித்தாளை இறுக்கமாகச் சுற்றி, வேண்டிய பருமன் வந்ததும் டேப் ஒட்டிவிட்டேன். வேண்டிய பருமன் எவ்வளவு என்பதற்கு என்னிடம் ஒரு நல்ல அளவுகோல் இருந்தது: என் கை வளையல். நான் போடுவது இரண்டு-எட்டு. வளையல் கடையில் இரண்டு-நாலு, இரண்டு-ஆறு, இரண்டு-எட்டு என்று சொல்கிறோமே, அந்த இரண்டாவது எண் பதினாறில் எத்தனை பங்கு என்ற கணக்கு. இரண்டு-எட்டு என்றால் இரண்டு அங்குலமும் பதினாறில் எட்டும், மொத்தம் இரண்டரை அங்குல விட்டம். உள்சுற்றளவு கிட்டத்தட்ட 20 சென்டிமீட்டர் வரும். இரண்டு-ஆறு 19, இரண்டு-நாலு 18. அந்த வளையல் உருளைமேல் இறுக்கமாக ஏறுகிற அளவுக்குக் காகிதம் சுற்றினால் போதும், காப்பு அந்தக் கைக்கு நுழையும், சுருங்கினபிறகு மணிக்கட்டில் நிற்கும். ஆண்களுக்குக் கட்டை விரலை உள்ளங்கைக்குள் மடக்கச் சொல்லி, கை அகலமாக இருக்கிற இடத்தில் இஞ்சு டேப் வைத்து அளந்துகொள்கிறேன். இந்த வளையல் கணக்கு பிடிபட்ட நாளிலிருந்து அளவில் தப்பு வந்ததே இல்லை.

அடுத்து காது. சடையில் மூன்று கால் என்கிறோம் இல்லையா, காப்பிலும் அதே கால்தான். ஓரத்தில் கயிறு திரும்புகிற வளைவை மாமா காது என்பார். உருளையில் இரண்டு ஓரத்துக்கும் 3 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு இரண்டு கோடு போட்டு, காது வரவேண்டிய இடத்தில் எல்லாம் குண்டூசி குத்த வேண்டும். ஒரு ஓரத்து ஊசிகளுக்கு நடுவில் மறு ஓரத்து ஊசிகள் வருகிற மாதிரி அரை இடைவெளி தள்ளிக் குத்த வேண்டும். எத்தனை காது? மாமாவின் காப்பில் நான் எண்ணிப் பார்த்தபோது 10 இருந்தது. என் கை கொஞ்சம் சிறியது என்று நினைத்து 9 குத்தினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதிலேயே போனது. கயிறு இடது ஓரத்தில் ஒரு ஊசியைச் சுற்றி, குறுக்கே போய் வலது ஓரத்தில் ஒன்றைச் சுற்றி, திரும்பி இடது ஓரத்துக்கு வரும்போது மூன்று ஊசி தள்ளி வந்து சேர வேண்டும். மூன்று கால் என்றால் மூன்று தள்ளி, அதுதான் கணக்கு. நானும் அப்படியே போனேன். ஒரே ஒரு சுற்று முடிந்ததும் கயிறு ஆரம்பித்த இடத்துக்கே வந்து நின்றுவிட்டது, பாதிக்கு மேல் ஊசி சும்மா கிடக்கிறது. எங்கோ எண்ணியதில் தப்பு என்று பிரித்தேன், மறுபடி சுற்றினேன், மறுபடி அங்கேயே வந்து நின்றது. நாலு தடவை. சாயந்திரம் மாமா வந்து உருளையைக் கையில் வாங்கி ஊசிகளை மட்டும் எண்ணினார். “ஒம்போது ஆவாது. மூணால வகுபடக் கூடாது” என்றார்.

ஒரு தாளில் எழுதிப் பார்த்தால் புரிந்துவிடும். 9 ஊசிக்கு 0 முதல் 8 வரை எண் கொடுங்கள். மூன்று மூன்றாகத் தாவினால் 0, 3, 6, அடுத்து மறுபடி 0. ஒரு கயிற்றில் முடியாது, தனித்தனியாக மூன்று வளையம்தான் வரும். 10 ஊசி என்றால் 0, 3, 6, 9, 2, 5, 8, 1, 4, 7, பிறகு 0. எல்லா ஊசியையும் தொட்டுவிட்டுத்தான் வீடு திரும்புகிறது. 8-ம் அப்படித்தான்: 0, 3, 6, 1, 4, 7, 2, 5. எட்டாவது படிக்கும் என் மகன் எட்டிப் பார்த்துவிட்டு, “இது சார்பகா எண்கள்மா, ரெண்டுக்கும் மீப்பெரு பொதுக் காரணி 1 வரணும், அவ்வளவுதான்” என்றான். அவனுக்குப் பள்ளிக்கூடத்தில் வந்தது, மாமாவுக்குக் கப்பலில் வந்தது. எத்தனை கால் போட்டாலும் விதி இதுதான், காலின் எண்ணுக்கும் காதின் எண்ணுக்கும் 1-ஐத் தவிரப் பொதுவான காரணி இருக்கக் கூடாது. 3 மில்லிமீட்டர் கயிற்றில் மூன்று வரி ஓட்டும், அதாவது அதே தடத்தில் கயிறு மூன்று தடவை போகும் காப்புக்கு இரண்டு-எட்டு அளவில் 10 காது சரியாக உட்காரும். 4 மில்லிமீட்டர் கயிறு என்றால் 10 காது நெருக்கியடிக்கும், 8 வையுங்கள்.

கயிற்றின் நீளம் 3 மீட்டர் எடுத்துக்கொள்ளுங்கள், தடித்த கயிறு என்றால் இன்னும் அரை மீட்டர். ஓடும் முனையில் செலோ டேப்பை இறுக்கிச் சுற்றி ஷூ லேஸ் நுனி மாதிரி ஆக்கிவிட்டால் நுழைக்க எளிது.

மேலே கீழே எங்கே போவது என்பதற்கு நான் கண்டுபிடித்துக்கொண்ட வழி ஒன்று இருக்கிறது. இரண்டு ஓரக் கோடுகளுக்கும் சரியாக நடுவில் சிவப்புப் பேனாவால் மூன்றாவது கோடு போடுங்கள். கயிறு ஒரு ஓரத்திலிருந்து கிளம்பி, சிவப்புக் கோட்டைத் தொடுவதற்கு முன் வேறு கயிற்றைச் சந்தித்தால் அதற்கு மேலே போக வேண்டும். சிவப்புக் கோட்டைத் தாண்டியபின் சந்தித்தால் கீழே நுழைய வேண்டும். இடமிருந்து வலம் போனாலும் வலமிருந்து இடம் வந்தாலும் இதே விதிதான். முதல் சுற்றில் சந்திக்க எதுவும் இருக்காது, இரண்டாவது சுற்றில்தான் ஆரம்பிக்கும், மூன்றாவது சுற்றில் ஓரத்துக்கு ஓரம் போகும் ஒவ்வொரு தடவையும் ஒரு மேல், ஒரு கீழ் வந்துவிடும். கீழே நுழைக்கக் கோணி ஊசியைத்தான் வைத்திருக்கிறேன், முனையை அம்மியில் தேய்த்து மழுங்கடித்தது. கப்பலில் இதற்கு மார்லின்ஸ்பைக் என்று நுனி மெலிந்துபோகிற இரும்பு வைத்திருப்பார்களாம். முடித்ததும் ஒருமுறை கயிற்றைக் கண்ணால் பின்தொடர்ந்து போங்கள்: மேலே, கீழே, மேலே, கீழே. எங்காவது இரண்டு மேல் தொடர்ந்து வந்தால் அங்கே தப்பு. அப்போதே பிரித்துவிட வேண்டும், பின்னால் சரியாகிவிடும் என்று மேலே போனால் மூன்று மடங்கு பிரிக்க வேண்டிவரும்.

முதல் வரி முடிந்து முனை ஆரம்ப இடத்துக்கு வந்துவிட்டதா, இனிமேல் எண்ணவே வேண்டாம். போன தடத்தின் பக்கத்திலேயே, அது மேலே போன இடத்தில் மேலே, கீழே போன இடத்தில் கீழே, ஒட்டினாற்போல் கூடவே போக வேண்டும். இரண்டாவது வரி, மூன்றாவது வரி. இங்கே ஒரே ஒரு கவனம், பழைய தடத்துக்கு வலப்பக்கம் ஆரம்பித்தால் கடைசிவரை வலப்பக்கம். ஓரத்தில் திரும்பும்போது கை தன்னையறியாமல் அந்தப் பக்கம் தாண்டிவிடும், அப்போது இரண்டு கயிறும் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு அந்த இடம் மட்டும் புடைத்து நிற்கும். விளக்கு வெளிச்சத்தில் தெரியாது, காலையில் பார்த்தால் முதலில் அதுதான் கண்ணில் படும்.

இதுவரைக்கும் ஆகிற நேரம் எனக்கு இப்போது அரை மணி. ஊசிகளைப் பிடுங்கிவிட்டால் உருளைமேல் தொளதொளவென்று ஒரு கயிற்றுக் குவியல் இருக்கும். பலர் இங்கேதான் மனம் விட்டுவிடுகிறார்கள். பார்க்கக் கூடை பிரிந்த மாதிரி இருக்கும். காப்பு காப்பாக ஆவது இதற்குப் பிறகுதான்.

இறுக்குவது என்றால் இழுப்பது என்று நினைத்திருந்தேன். முதல் பத்துக் காப்பும் அதனால்தான் கோணின. ஓரிடத்தில் பலமாக இழுத்தால் அங்கே காது உள்ளே போய்விடும், பக்கத்துக் காது வெளியே துருத்தும், அதைச் சரிபண்ண இன்னொன்றை இழுத்தால் காப்பே ஒருபக்கமாகச் சாய்ந்துவிடும். மாமா செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபிறகுதான் வழி தெரிந்தது. அவர் ஆரம்ப முனையிலிருந்து தொடங்குவார். முதல் காதில் கோணி ஊசியை விட்டு, தொய்வை மட்டும் ஒரு சின்ன வளையமாக மேலே தூக்குவார். அந்த வளையத்தை அடுத்த காதுக்குத் தள்ளுவார். அங்கே ஏற்கெனவே இருக்கிற தொய்வும் சேர்ந்து வளையம் கொஞ்சம் பெரிசாகும். அதை அடுத்ததற்கு. இப்படிக் கயிறு போன வழியிலேயே, ஒரு இடமும் விடாமல், தொய்வைத் தள்ளிக்கொண்டே போய்க் கடைசி முனையில் வெளியே விடுவார். வாய்க்காலில் தண்ணீர் திருப்புகிற மாதிரிதான், மடை மடையாக. பக்கத்துக்கு 10 காது, இரண்டு பக்கம் 20, மூன்று வரி, ஆக ஒரு தடவைக்கு 60 இடம். முதல் தடவை பாதித் தொய்வு மட்டும், இரண்டாவது தடவை மீதி, மூன்றாவது தடவை கண்ணுக்குத் தெரியும் இடுக்குகள். 180 தடவை ஊசி நுழைகிறது. ஒரு மணி நேரத்துக்குக் குறைந்து எனக்கு முடிந்ததில்லை, குறைக்கவும் பார்ப்பதில்லை. உருளையை விட்டு எடுக்காமலே இறுக்குங்கள், எடுத்துவிட்டால் அளவு போய்விடும்.

இறுக்கம் போதுமா என்று பார்க்க ஒரு வழி: நகத்தால் காப்பை நெருடிப் பாருங்கள். கயிறு தனியாக நகர்ந்தால் போதாது, மொத்தமாக நகர்ந்தால் போதும்.

முனைகளை முடிக்கும் இடத்தைப் பற்றி எனக்கும் மாமாவுக்கும் கருத்து வேறுபாடு உண்டு. இரண்டு முனையையும் ஒரே குறுக்கின் அடியில் எதிரெதிர்ப் பக்கமாக நுழைத்து உட்புறத்தில் ஒட்ட நறுக்கினால் போதும், சுருங்கும்போது தானே பிடித்துக்கொள்ளும் என்பார் அவர். நான் தையல்காரி, வெள்ளை நூலில் நாலு தையல் போட்டுவிடுவேன். பருத்தியை நைலான் மாதிரி நெருப்பில் காட்டி உருக்கி ஒட்ட முடியாது, கருகிவிடும். பசை போடுகிறவர்கள் இருக்கிறார்கள், அந்த இடம் காய்ந்து கட்டியாகி மணிக்கட்டை உறுத்துகிறது, நான் விட்டுவிட்டேன்.

அப்புறம் வெந்நீர். புதுக் கயிறு வாங்கினால் முதலில் 1 மீட்டர் அறுத்து, கொதிக்கிற தண்ணீரில் பத்து நிமிஷம் போட்டு, காயவைத்து அளந்து பாருங்கள். நான் வாங்கும் கயிறு 94 சென்டிமீட்டருக்கு வருகிறது. பருத்தி நனைந்தால் இழை ஊதும், ஊதினால் கயிறு நீளத்தில் குறையும், முடிச்சும் கெட்டியாகும். காப்பை வெந்நீரில் ஊறவைத்து, சூடு ஆறினதும் ஈரத்தோடு கையில் நுழைத்து அப்படியே காயவிடுவது கப்பல்காரர் வழக்கம். இதில்தான் எனக்கு ஒரு கசப்பான அனுபவம். அக்கா மகளுக்கு ஒன்பது வயது, ஆசைப்பட்டாள் என்று போட்டுவிட்டேன். காயக்காய இறுகி, சாயந்திரம் கையில் தடம் பதிந்து பிள்ளை அழுதுவிட்டாள். அடியில் ஸ்பூன் காம்பை விட்டு அதன்மேல் கத்தரிக்கோல் வைத்து அறுத்தோம். அன்றிலிருந்து முதல் சுருக்கம் கையில் கிடையாது. கைக்குக் கொஞ்சம் சிறிய எவர்சில்வர் டம்ளரில் மாட்டிக் காயவைத்து, மறுபடி லேசாக நனைத்துக் கையில் ஏற்றுகிறேன். காய்ந்தபின் சுண்டுவிரல் உள்ளே போய்வர வேண்டும். வளரும் பிள்ளைகளுக்குக் கழலாத காப்பு போடுவதே இல்லை, பித்தான் வைத்துத் தனியாகச் செய்துகொடுக்கிறேன்.

போடக் கூடாதவர்கள் இன்னும் உண்டு. கிரைண்டர், லேத், பெல்ட் ஓடுகிற எந்த மெஷினிலும் வேலை செய்கிறவர்களுக்குக் கொடுக்க மாட்டேன், எவ்வளவு கேட்டாலும். மாமாவே கப்பலில் கயிறு இழுக்கும் வின்ச் மெஷின் பக்கம் போகிற நாளில் மோதிரம், காப்பு எதுவும் கூடாது என்று தன் ஆட்களிடம் கண்டிப்பாக இருந்திருக்கிறார். இந்தக் காப்பு அறுந்து விடாது, கையைத்தான் இழுக்கும்.

ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டும் உறவுக்காரத் தம்பி ஒருவர் ஆசையாக வாங்கிப் போட்டுக்கொண்டார். கடல்காரன் காப்பு காவிரிக்காரனுக்கு ஆகாதா என்று நானும் சந்தோஷமாகக் கொடுத்தேன். ஒரு மாதத்தில் நாற்றம். நாள் முழுக்கத் துடுப்புப் போடுகிற கை, காப்பு காயவே இல்லை, பூஞ்சை பிடித்துக் கறுத்துவிட்டது. கப்பலில் நனையும், காற்றிலும் வெயிலிலும் காய்ந்துவிடும். எப்போதும் ஈரத்தில் இருக்கிற கைக்குப் பாலியெஸ்டர் கயிறுதான் சரி, அதை வெந்நீருக்கு நம்பாமல் உருளையிலேயே மணிக்கட்டு அளவுக்குப் பக்கமாக இறுக்கிக் கொடுக்க வேண்டும். இரண்டாவது அப்படித்தான் செய்தேன், போன ஆடிப்பெருக்குக்குப் போனபோதும் அவர் கையில் இருந்தது.

எங்கள் பக்கம் மாங்காய் சீசனில் தோப்பு வேலைக்குப் போகிறவர்கள் அதிகம். காம்பு உடைக்கும்போது வடிகிற பால் பட்டால் வெள்ளைக் காப்பில் கருங்கறை விழும், போகவே போகாது. பிளீச்சிங் பவுடர் போட்டுப் பார்த்தேன், கறையும் போகவில்லை, கயிறும் நைந்தது. அவர்களுக்கு டீத்தூள் கொதிக்கவைத்த தண்ணீரில் முதலிலேயே ஊறவைத்துப் பழுப்பாக்கிக் கொடுக்கிறேன்.

விற்பனையைப் பற்றியும் கேட்பார்கள். சுற்றுலா வருகிற இடத்தில் ஒரு கடையில் 10 காப்பு கொடுத்து வைத்தேன். வெயிலில் கொக்கியில் மாட்டித் தொங்கவிட்டிருந்தார்கள், வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லாம் இழுத்துப் பார்த்து அழுக்காகி, மூன்று மாதம் கழித்து 7 திரும்பி வந்தன. இப்போது ஒவ்வொன்றையும் கவரில் போட்டு, வளையல் அளவை எழுதி, எப்படி நனைத்துப் போட வேண்டும் என்று நாலு வரிச் சீட்டும் வைக்கிறேன். கடை ஷெல்ஃபில் வைத்தே மாதம் ஏழெட்டு போகிறது. ஒன்றரை மணி நேர வேலைக்கு 200 ரூபாய் வாங்குகிறேன், பேரம் பேசினால் சிரித்துக்கொண்டே இறுக்கின கணக்கைச் சொல்வேன்.

காரிமங்கலம் சந்தையில் ஒருநாள் மாட்டுக் கயிறு விற்கும் பெரியவர் ஒருவர் என் கையைக் கவனித்துவிட்டார். மூக்கணாங்கயிறும் கழுத்துக் கயிறும் தலைமுறையாகத் திரிக்கிறவர். “கையக் காட்டும்மா” என்று வாங்கி, கட்டை விரலால் காப்பை மெதுவாக உருட்டிக்கொண்டே வந்தார். அந்த விரல் நுனி முழுக்கக் கயிறு அறுத்த கோடுகள். ஒரு சுற்று வந்தது, இரண்டு சுற்று வந்தது. “மொனை எங்கம்மா வச்ச?” என்றார். சொல்லவில்லை, நீங்களே தேடுங்கள் என்றேன். மூன்றாவது சுற்றில் நின்று, நகத்தால் ஒரு குறுக்கைத் தொட்டு, “இங்கதான், இது மட்டும் ஒரு நூல் ஒசந்திருக்கு” என்றார். சரியாகச் சொல்லிவிட்டார். என் நாலு தையல் இருந்த இடம் அது. அன்றைக்கு ராத்திரியே வீட்டுக்கு வந்து, மாமா சொன்ன மாதிரி தையல் இல்லாமல் வெறுமனே நுழைத்து நறுக்கி ஒன்று செய்து பார்த்தேன். அந்த இடத்தில் மேடு தெரியவில்லை. பெரியவர்களுக்குச் செய்யும்போது இப்போது அப்படித்தான் முடிக்கிறேன், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இழுத்துப் பிய்ப்பார்கள், அவர்களுக்கு மட்டும் தையல்.

போன மார்கழியில் மாமாவை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியிருந்தது. கையில் ஊசி ஏற்ற வேண்டும், காப்பை எடுங்கள் என்று நர்ஸ் சொன்னார். மாமா பேசாமல் கையை நீட்டினார். நான்தான் அறுத்தேன். அறுத்த இடத்தில் கயிற்றின் உள்பக்கம், ஒன்றின் அடியில் ஒன்று மறைந்திருந்த இடமெல்லாம், இன்றைக்கு வாங்கின மாதிரி வெள்ளையாக இருந்தது. வெளியே மோர் நிறம், உள்ளே அத்தனை வெள்ளை. அந்தத் துண்டைப் பிரிக்காமல் கடையில் நூல் பெட்டியில் வைத்திருக்கிறேன்.

அவர் வீடு திரும்பிப் பத்து நாளில் புதுசு போட்டுவிட்டேன், 10 காது, தையல் இல்லாமல். கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், “அஞ்சு கால்ல ஒண்ணு போடேன்” என்றார். ஐந்து கால் என்றால் ஊசி ஐந்து ஐந்தாகத் தாவும். 8 காது வைத்தால் 0, 5, 2, 7, 4, 1, 6, 3. ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் போவதற்குள் நாலு கயிற்றைச் சந்திக்கும், மேல், கீழ், மேல், கீழ், சிவப்புக் கோடு ஒன்று போதாது, மூன்று போட்டிருக்கிறேன். உருளை இப்போது மெஷின் பக்கத்தில் நிற்கிறது. முதல் வரி முடிந்துவிட்டது, பொங்கல் துணி நெருக்கடி குறைந்ததும் இரண்டாவது வரியை ஓட்ட வேண்டும்.